ராக்கெட் துணைக்கோளத்தை எப்படி விடுகிறது? சனிக்கிழமைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை காலையில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தை ஒட்டிய அறையில் பிள்ளைகளோடு தமிழ் வாசிக்கிறேன். பாலர் பள்ளி முதல் தொடக்கநிலை 3 வரை பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒரு வாரம், இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்திலிருந்து சிங்கப்பூர்த் துணைக்கோளங்கள் கிளம்பிய காணொளியைப் போட்டுக் காட்டினேன். காட்டியது பத்து நிமிடம். கேள்வி ஆறு வாரம் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாத்தா பாட்டிகளும் அதே சந்தேகங்களைக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். படுக்கப் போகும் முன் ஒன்றிரண்டாகப் படித்துக் காட்டலாம்.

முதலில் ஒரு சொல் விவகாரம். துணைக்கோளம், செயற்கைக்கோள், சாட்டிலைட் எல்லாம் ஒன்றுதான். பிள்ளைகள் சாட்டிலைட் என்கிறார்கள், நான் துணைக்கோளம் என்கிறேன். யாரும் யாரையும் திருத்துவதில்லை.

ஆன்ட்டி, ராக்கெட்டும் சாட்டிலைட்டும் ஒண்ணுதானே?

இல்லை. ராக்கெட் வண்டி, துணைக்கோளம் அதில் போகும் பயணி. இறங்க வேண்டிய இடம் வந்ததும் பயணி இறங்கிக்கொள்வார். பூமியைச் சுற்றுவது, படம் எடுப்பது, செய்தி அனுப்புவது எல்லாம் பயணியின் வேலை. வண்டியின் வேலை கொண்டுபோய் விடுவதோடு சரி.

ஆனால் இந்த வண்டிக்கும் பயணிக்கும் அளவில் பொருத்தமே இல்லை. இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட் 44 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட பதினைந்து மாடி புளோக். கிளம்பும்போது எடை, வகையைப் பொறுத்து, சுமார் 230 முதல் 320 டன். 2023 ஜூலையில் அது ஏற்றிச் சென்ற சிங்கப்பூரின் டிஎஸ்-சார் துணைக்கோளம் 360 கிலோ. ஒரு குட்டிப் பயணிக்காக அத்தனை பெரிய வண்டி! அந்த எடையில் பெரும்பகுதி எரிபொருள்தான்.

தீபாவளி ராக்கெட் மேல போயிட்டுக் கீழ வந்துடுதே, இது மட்டும் ஏன் வர்றதில்ல?

கேட்டவன் தீபாவளிக்குத் தஞ்சாவூர் போய் வந்தவன். இங்கே நமக்குக் கம்பி மத்தாப்போடு சரி. அங்கே அவன் பாட்டிலில் நிறுத்தி ராக்கெட் விட்டிருக்கிறான். நல்ல கேள்வி. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வியும் இதுதான்.

தீபாவளி ராக்கெட்டுக்குத் தெரிந்தது ஒரே வேலை, மேலே போவது. மருந்து தீர்ந்ததும் குச்சியோடு கீழே வந்துவிடும். பெரிய ராக்கெட்டும் 500 கிலோமீட்டர் நேராக மேலே போய், அங்கே நின்று, துணைக்கோளத்தை விட்டால் அதுவும் தொப்பென்று விழத்தான் செய்யும். உயரம் மட்டும் போதாது. பக்கவாட்டில் பயங்கர வேகம் வேண்டும். காணொளியை மறுபடி பாருங்கள்: நேராகக் கிளம்பிய ராக்கெட் கொஞ்ச நேரத்தில் சாய ஆரம்பிக்கும். “ஐயோ, கோணலாப் போகுது” என்று ஒருத்தி கத்தினாள். கோணல் இல்லை; வேகம் பிடிக்கத்தான் அது சாய்கிறது. எரிபொருளில் பெரும்பங்கு போவதும் இதற்குத்தான்.

வேகம் இருந்தால் ஏன் விழாது? பந்தை மெதுவாக எறிந்தால் பக்கத்தில் விழும், வேகமாக எறிந்தால் தூரத்தில் விழும். இன்னும் இன்னும் வேகமாக எறிவதாக மனதிலேயே நினைத்துப் பாருங்கள். (மனதில் மட்டும். பத்தாவது மாடித் தாழ்வாரத்திலிருந்து வேண்டாம். கீழே ஆள் நடக்கும்.) பூமி உருண்டை அல்லவா? நேராக 8 கிலோமீட்டர் போனால், அதற்குள் தரை சுமார் 5 மீட்டர் கீழே வளைந்திருக்கும். கையை விட்ட எந்தப் பொருளும் முதல் விநாடியில் விழுவதும் சுமார் 5 மீட்டர்தான். ஆகவே ஒரு விநாடிக்கு 8 கிலோமீட்டர் ஓடும் பந்து 5 மீட்டர் விழும், தரையும் 5 மீட்டர் விலகிக்கொள்ளும். பந்து தரையைத் தொடவே தொடாது. நியூட்டன் 300 வருடங்களுக்கு முன்பே ஒரு மலை உச்சியில் பீரங்கி வைத்துச் சுடுவதாகக் கற்பனை செய்து இதைச் சொல்லிவிட்டார். தரைக்குப் பக்கத்தில் காற்று தடுக்கும் என்பதால்தான் முதலில் உயரம் போக வேண்டியிருக்கிறது.

அப்படின்னா அது விழுந்துக்கிட்டே இருக்கா? பயமா இருக்கே!

ஆமாம், விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பூமியின் மேல் இல்லை, பூமியைச் சுற்றி. பயப்பட ஒன்றுமில்லை, நிலாவும் இப்படித்தான் ரொம்ப நாளாக விழுந்துகொண்டிருக்கிறது.

“மேல போனா ஈர்ப்பு சக்தியே கிடையாது” என்று அண்ணன் அக்கா யாராவது சொல்லியிருப்பார்கள். அது தப்பு. 500 கிலோமீட்டர் உயரத்தில், நம் தரையில் இருக்கும் ஈர்ப்பில் 86 விழுக்காடு அப்படியே இருக்கிறது. அது இல்லாவிட்டால் துணைக்கோளம் சுற்றாது, நேர்கோட்டில் எங்கோ போய்விடும். பட்டத்துக்கு நூல் எப்படியோ, துணைக்கோளத்துக்கு ஈர்ப்பு அப்படி.

எவ்வளவு ஸ்பீடு? எம்ஆர்டியை விடவா?

துவாஸிலிருந்து சாங்கி வரை சுமார் 50 கிலோமீட்டர். கிழக்கு-மேற்கு ரயில் தடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளம் விநாடிக்கு சுமார் 7.6 கிலோமீட்டர் போகும். துவாஸ்-சாங்கிக்கு ஏழு விநாடிகூட ஆகாது. பூமி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

ராக்கெட் ஏன் வழியிலயே துண்டு துண்டாக் கழண்டு விழுது? உடைஞ்சு போச்சா?

உடையவில்லை, கழற்றிவிடுகிறார்கள். பள்ளிக்குப் போகும்போது பையில் நான்கு தண்ணீர் பாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குடித்து முடித்ததும் காலி பாட்டிலை எதற்குச் சுமக்க வேண்டும்? ராக்கெட்டும் அப்படித்தான். பிஎஸ்எல்விக்கு நான்கு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று. கீழ் அடுக்கு எரிந்து முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு அடுத்தது பற்றிக்கொள்ளும். எடை குறையக் குறைய வேகம் பிடிப்பது சுலபம். கழன்ற அடுக்குகள் கடலில் விழும். நீங்கள் பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

உச்சியில இருக்கிற கூம்புக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்காங்க?

துணைக்கோளத்தைத்தான். காற்றைக் கிழித்துக்கொண்டு அந்த வேகத்தில் போனால் சூடாகும், அழுத்தும். துணைக்கோளமோ மடித்து வைத்த சூரியத் தகடும் கம்பியுமாக இருக்கிற மென்மையான பொருள். அதனால் மேலே ஒரு மூடி போடுகிறார்கள். வெப்பக் கவசம் என்று பெயர்.

நூறு கிலோமீட்டருக்கு மேலே போனதும் தடுக்கிற அளவுக்குக் காற்று இல்லை. பிறகு மூடி எதற்கு? பிஎஸ்எல்வியில் கிளம்பிய சுமார் மூன்றாவது நிமிடத்தில் அது வேர்க்கடலைத் தோல் மாதிரி இரண்டாகப் பிளந்து விழுந்துவிடும். உள்ளே இருக்கும் கடலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சரி, கடைசில யாரு கதவைத் திறந்து விடுறாங்க?

யாரும் இல்லை. ராக்கெட்டில் ஆளே கிடையாது. உள்ளே இருக்கும் கணினி வேகம், உயரம், திசை மூன்றையும் பார்த்துக்கொண்டே வரும். மூன்றும் சரியாக அமைந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, ராக்கெட்டின் தலையைச் சரியான பக்கம் திருப்பி, “விடு” என்று கட்டளை கொடுக்கும். தரையில் இருப்பவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பெரிய துணைக்கோளத்துக்குக் கதவும் கிடையாது. அதன் அடியில் ஒரு வளையம், ராக்கெட்டின் உச்சியில் ஒரு வளையம். இரண்டு விளிம்பையும் சேர்த்து வைத்து, சுற்றி ஓர் உலோகப் பட்டையை இறுக்கி, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பெரிய பெயின்ட் டிரம்மில் மூடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, கொக்கியைத் தட்டினால் மூடி விடுபடுமே, ஏறக்குறைய அதுதான். கட்டளை வந்ததும் ஒரு சின்ன வெடியால் இயங்கும் வெட்டி அந்த போல்ட்டை நறுக்கும். பட்டை தளரும். இரண்டு வளையத்துக்கும் நடுவே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்குகள் நிமிர்ந்து, துணைக்கோளத்தை மெல்லத் தள்ளும். கழன்ற பட்டை எங்கும் பறந்து போய் இடிக்காமல் அதையும் ராக்கெட்டோடு பிடித்து வைத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு.

இதை நாங்கள் மேசையில் செய்து பார்த்தோம். இரண்டு அழிப்பான், நடுவே பழைய பேனாவின் ஸ்பிரிங். அமுக்கிப் பிடித்து நூலால் சுற்றிக் கட்டிவிட்டு, நூலைக் கத்தரித்தால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகும். சின்ன அழிப்பான் தூரமாகப் போகும், பெரியது கொஞ்சமாக நகரும். முதல் தடவை ஸ்பிரிங் ஓரமாக இருந்ததால் அழிப்பான் நேராகப் போகாமல் பம்பரமாகச் சுழன்று மேசைக்கு அடியில் போய்விட்டது. அதைத் தேடி எடுத்த பையனே சொன்னான்: “ஆன்ட்டி, ஒண்ணு போதாது, சுத்தி வைக்கணும்.” நிஜத்திலும் அதைத்தான் செய்கிறார்கள். வளையத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் பல ஸ்பிரிங்குகள், எல்லாம் ஒரே பலத்தில். ஒன்று கூடக் குறையத் தள்ளினால் துணைக்கோளம் தலைகுப்புறச் சுழலும்.

அவ்வளவு மெதுவாத் தள்ளினா அது எப்படி அவ்வளவு வேகமாப் போகும்?

இது தொடக்கநிலை 3 பிள்ளையின் கேள்வி. அவள் அப்பாவும் பின்னால் நின்று தலையாட்டினார்.

ஓடுகிற எம்ஆர்டிக்குள் நின்றுகொண்டு கையிலிருக்கும் அழிப்பானை விட்டால் எங்கே விழும்? உங்கள் காலடியில். பின்பெட்டிக்குப் பறந்து போகாது. ரயிலின் வேகம் உங்களுக்கும் இருக்கிறது, அழிப்பானுக்கும் இருக்கிறது. கையை விட்டதால் அந்த வேகம் காணாமல் போவதில்லை. துணைக்கோளமும் அப்படித்தான். விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் என்ற வேகத்தை ராக்கெட் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. விடும்போது இரண்டும் சேர்ந்து அதே வேகத்தில் ஓடுகின்றன. ஸ்பிரிங் கொடுப்பது விநாடிக்கு ஒரு மீட்டர் போல, நீங்கள் நடக்கும் வேகம். அது ஓடுவதற்காக இல்லை, ஒன்றையொன்று இடிக்காமல் விலகுவதற்காக.

தமிழில் “விடு” என்பது நல்ல சொல். பட்டம் விடுகிறோம், காகிதக் கப்பல் விடுகிறோம், சிலர் கதையும் விடுகிறார்கள். கப்பலை நாம் எறிவதில்லை; தண்ணீரில் வைத்துக் கையை எடுக்கிறோம், ஓடை கொண்டுபோகிறது. துணைக்கோளம் விடுவதும் காகிதக் கப்பல் வகைதான்.

டமால்னு சத்தம் கேக்குமா?

வெளியே கேட்காது. சத்தம் போக காற்று வேண்டும், அங்கே அது இல்லை. போல்ட் வெட்டுப்படும் அதிர்ச்சி மட்டும் உலோகம் வழியாக உள்ளே பரவும். அதைத் தாங்குமா என்று தரையிலேயே துணைக்கோளத்தை நன்றாக உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

ஒரே ராக்கெட்ல 104 சாட்டிலைட் போச்சாமே, ஒண்ணோடொண்ணு முட்டிக்காதா?

2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 அதைச் செய்தது. 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-2 முதலில் இறங்கியது, பிறகு இரண்டு இந்தியக் குட்டிகள், பிறகு மற்ற 101. பள்ளி விடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினால் என்ன ஆகும்? அதனால்தான் டீச்சர் வரிசையாக அனுப்புகிறார். இங்கேயும் அப்படித்தான்: சிலவற்றை விட்டு, சில விநாடி பொறுத்து, அடுத்ததை வேறு பக்கம் பார்த்து விடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் திசையிலும் வேகத்திலும் சின்ன வித்தியாசம் இருக்கும். விநாடிக்கு ஒரு மீட்டர் வித்தியாசம் என்றால்கூட, ஒரு மணி நேரத்தில் கிலோமீட்டர் கணக்கில் விலகிவிடும்.

2021 ஜனவரியில் அமெரிக்க நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் ஒரு ராக்கெட் 143 துணைக்கோளங்களைக் கொண்டுபோய் அந்தச் சாதனையை முறியடித்தது. அதே நிறுவனம் தன் ஸ்டார்லிங்க் துணைக்கோளங்களை விடும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தட்டைத் தட்டையாக அடுக்கி, கம்பியால் பிடித்து வைத்திருப்பார்கள். ராக்கெட்டின் மேல் அடுக்கு மெதுவாகச் சுழலத் தொடங்கும், கம்பி விடுபடும், சீட்டுக்கட்டை விசிறினாற்போல் அத்தனையும் தாமாகவே பிரியும். ஸ்பிரிங்கே கிடையாது. அவை லேசாக ஒன்றையொன்று உரசலாம் என்று தெரிந்தே, தாங்கும்படி செய்திருக்கிறார்கள்.

குட்டி சாட்டிலைட்டுக்கும் அதே பெயின்ட் டிரம் வளையமா?

இல்லை, குட்டிகளுக்குப் பெட்டி. கியூப்சாட் என்று ஒரு வகை, ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர். உங்கள் நீள ரூலரில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மூன்று கனசதுரங்களை ஒன்றாகச் சேர்த்தும் செய்வார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலாசியா இரண்டு கனசதுரம். அதைப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால் பின்னால் ஒரு ஸ்பிரிங் அமுங்கும். மேலே போனதும் கதவு திறக்கும், ஸ்பிரிங் தள்ளும், வழுக்கிக்கொண்டு வெளியே வரும். டோஸ்டரிலிருந்து ரொட்டி எழும்புகிற மாதிரிதான். முன்னால் கதவு கேட்டவளுக்கு, இதோ, கதவுள்ள ராக்கெட்.

ராக்கெட்டிலிருந்துதான் விட வேண்டும் என்றும் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்பூக்கி-1 முதலில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சரக்கோடு சரக்காகப் போய், 2019 ஜூன் 17 அன்று அங்கிருந்து வெளியே விடப்பட்டது. நிலையமே அந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பதால் தனியாக வேகம் கொடுக்கத் தேவை இருக்கவில்லை. எம்ஆர்டி பதில் ஞாபகம் இருக்கிறதா?

வெளிய வந்துட்டோம்னு சாட்டிலைட்டுக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணு இருக்கா?

வீட்டில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்ததும் விளக்கு எரிகிறதே, அதற்குக் கண் இருக்கிறதா? கதவோரத்தில் ஒரு சின்ன பொத்தான் இருக்கும். கதவு சாத்தியிருந்தால் அமுங்கும், திறந்தால் வெளியே வரும். துணைக்கோளத்திலும் அப்படியொரு பொத்தான் ராக்கெட்டோடு ஒட்டி அமுங்கியிருக்கும். பிரிந்ததும் அது வெளியே வரும், தூங்கிக்கொண்டிருந்த கணினி விழித்துக்கொள்ளும்.

விழித்ததும் உடனே கைகாலை நீட்டக் கூடாது. கியூப்சாட்களுக்கு ஒரு விதி உண்டு: வெளியே வந்து 30 நிமிடம் கழித்துத்தான் ஆண்டெனாவை விரிக்கலாம். பக்கத்தில் இருப்பவர் மேல் பட்டுவிடக் கூடாதே. லேசாகச் சுழன்றுகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் காந்தச் சுருள்களோ சுழல் சக்கரங்களோ அதைச் செய்யும். சூரியத் தகடுகளை வெயில் பக்கம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மின்கலம் தீர்ந்துவிடும். அப்புறம்தான் படம் எடுப்பதெல்லாம்.

விட்ட பிறகு ராக்கெட் வீட்டுக்கு வந்துடுமா?

கடைசி அடுக்கு வராது. அதுவும் துணைக்கோளத்தின் வேகத்திலேயே ஓடுவதால், அதுவும் பூமியைச் சுற்ற ஆரம்பித்துவிடும். காலி வண்டி சும்மா சுற்றினால் அது விண்வெளிக் குப்பை. 2023 ஜூலை 30 அன்று சிங்கப்பூரின் ஏழு துணைக்கோளங்களை 535 கிலோமீட்டர் உயரத்தில் விட்டபின், பிஎஸ்எல்வியின் கடைசி அடுக்கை 300 கிலோமீட்டருக்கு இறக்கினார்கள். அங்கே மிச்சசொச்சக் காற்று கொஞ்சம் அதிகம்; அது தடுத்துத் தடுத்து, அடுக்கு சீக்கிரமே கீழே வந்து எரிந்துவிடும்.

ஸ்பேஸ்எக்ஸ் போன்றவர்கள் கீழ் அடுக்கை நிற்க வைத்தே தரையிறக்கித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தால் அன்று வேறு எதையும் படிக்க விடமாட்டார்கள், எச்சரிக்கை.

விடாம மாட்டிக்கிட்டா?

நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 31, பிஎஸ்எல்வி-சி39. எல்லா அடுக்கும் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் வேர்க்கடலைத் தோல் என்று சொன்னேனே, அந்த வெப்பக் கவசம் பிளக்கவில்லை. கணினி நேரம் பார்த்துச் சரியாகத் துணைக்கோளத்தை விட்டது. துணைக்கோளம் பிரிந்தும்விட்டது, மூடிய கூட்டுக்குள்ளேயே. வெளியே வர வழியில்லை. மூடியின் எடையையும் கடைசி வரை சுமந்ததால் ராக்கெட் போக வேண்டிய வேகத்துக்கும் போகவில்லை. இதைச் சொன்னபோது அறையே அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒருவன் “உள்ள இருட்டா இருந்திருக்குமே” என்றான். இருட்டாகத்தான் இருந்திருக்கும்.

நம்ம சாட்டிலைட்டை ஏன் சிங்கப்பூர்ல இருந்தே விடுறதில்ல?

இடம் இல்லை. கழன்ற அடுக்குகள் விழ ஆளில்லாத கடல் வேண்டும் என்று பார்த்தோம். நம்மைச் சுற்றி ஒரு பக்கம் மலேசியா, ஒரு பக்கம் இந்தோனீசியா, நடுவே கப்பல் கப்பலாக நீரிணை, தலைக்கு மேல் சாங்கி விமானங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்று எத்தனை கப்பல் என்று எண்ணிப் பாருங்கள், புரியும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே வங்காள விரிகுடா திறந்து கிடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இடத்தை மட்டும் மறந்துவிட்டால் சிங்கப்பூர் ராக்கெட் விட அருமையான ஊர். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அந்தச் சுழற்சி மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிக் கிளம்பும் ராக்கெட்டுக்கு அது இலவச வேகம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அதனால் நம் துணைக்கோளங்கள் வெளியூர் ராக்கெட்டில்தான் போகின்றன. இங்கேயே உருவான முதலாவது எக்ஸ்-சாட். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎஸ்ஓ தேசிய ஆய்வகங்களும் செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வியில் போனது. 2015 டிசம்பர் 16 அன்று டெலியோஸ்-1 உட்பட ஆறு ஒரே தடவையில். 2023 ஏப்ரலில் 741 கிலோ டெலியோஸ்-2, கூடவே 16 கிலோ லூமிலைட்-4. அதே வருடம் ஜூலையில், மேலே சொன்ன ஏழு.

மழைக்காலத்துல மேகம் மறைச்சுக்காதா? மேல இருந்து நம்மளைப் பார்க்க முடியுமா?

சாதாரணக் கேமரா என்றால் மறைக்கும். நம் ஊரில் மேகமில்லாத நாள் எத்தனை? டிஎஸ்-சார் அதனால்தான் கேமராவுக்குப் பதில் ரேடாரோடு போனது. அது மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும். நிலநடுக்கோட்டை ஒட்டியே அது சுற்றுவதால், ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் நம் பக்கம் வந்து போகும். உங்கள் முகமெல்லாம் தெரியாது. கவலை வேண்டாம்.

டிவி சாட்டிலைட் ஒரே இடத்துல நிக்குதுன்னு சொல்வாங்களே, நீ எல்லாமே ஓடுதுங்கிறியேம்மா?

இது ஒரு பாட்டி என்னை மடக்கிய கேள்வி. பாட்டியும் சரி, நானும் சரி. உயரம் கூடக் கூட ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் கூடும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பூமி ஒரு தடவை சுழலவும் அதே நேரம்தான். ஆகவே அது ஓடினாலும், கீழிருந்து பார்க்கும் நமக்கு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரியும். ராட்டினத்தில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் நகராதது போலத்தான். சிங்கப்பூரும் தைவானும் சேர்ந்து நடத்தும் எஸ்டி-2 அப்படிப்பட்டது.

அவ்வளவு உயரத்துக்கு ராக்கெட் நேராகக் கொண்டுபோய் விடுவது அபூர்வம். எஸ்டி-2 2011 மே மாதம் தென்னமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டில் போனது. கூடவே இந்தியாவின் ஜிசாட்-8. ராக்கெட் இரண்டையும் ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டுவிடும், ஒரு முனை பூமிக்குப் பக்கத்தில், மறுமுனை மேலே வெகுதூரத்தில். அங்கிருந்து துணைக்கோளம் தன் சொந்த இயந்திரத்தை இயக்கிப் பாதையை வட்டமாக்கிக்கொள்ளும். எம்ஆர்டி நிலையம் வரை வந்துவிட்டு, வீட்டுக்கு ஃபீடர் பஸ் பிடிப்பதுபோல. பாட்டிக்கு அந்த பஸ் உதாரணம் பிடித்திருந்தது. “இறங்கினா போதுமா, வீடு வரைக்கும் நடக்கணுமில்ல” என்றார்.

ராத்திரி நான் பார்த்தது சாட்டிலைட்டா ப்ளேனா?

மினுக் மினுக்கென்று சிவப்பு பச்சை தெரிந்தால் விமானம். மினுக்காமல், சத்தமில்லாமல், ஒரே வேகத்தில் நட்சத்திரம்போல நகர்ந்து, சில நேரம் நடு வானத்திலேயே மங்கி மறைந்தால் துணைக்கோளம். அதற்கு விளக்கு கிடையாது, வெயில்தான் பட்டுப் பளபளக்கிறது. மறைவது பூமியின் நிழலுக்குள் போவதால். இருட்டிய கொஞ்ச நேரத்திலும் விடியும் முன்பும் பார்க்கலாம். எல்லாவற்றிலும் பிரகாசமானது அனைத்துலக விண்வெளி நிலையம்.

அது போகும்போது யாராவது டாட்டா காட்டுவாங்களா?

பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டுக் குட்டி ஒருத்தி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள். கூட யாரும் இல்லையே என்று சொல்ல மனம் வரவில்லை. ராக்கெட்டில் கேமரா இருக்கிறது என்றேன். பிஎஸ்எல்வி-சி37 காணொளியில், கறுப்பு வானத்தில் குட்டிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வெயில் பட்டு மின்னி, சின்னதாகிச் சின்னதாகிப் போவது தெரியும். தரையில் அதன் முதல் சமிக்ஞைக்காகக் காத்திருப்பார்கள், கிடைத்ததும் கைதட்டுவார்கள் என்றும் சொன்னேன்.

காட்டச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். முதல் பெட்டி நகர்ந்ததும் கையை ஆட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஆட்டினாள். பதினேழு வரை எண்ணினோம். அதற்குள் அவள் தாத்தா வந்துவிட்டார்.